ஓராண்டு ஊழியம்: மேற்கு ஆப்பிரிக்காவில் இரண்டு மூத்த தம்பதிகள்

1978 நவம்பர் 18 அன்று, கிழக்கு நைஜீரியாவின் இமோ மாநிலத்தில், அபோ ம்பைசே வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் இரண்டு அமெரிக்கத் தம்பதிகள் வந்து இறங்கினார்கள். யூட்டா மாநிலத்திலிருந்து வந்தவர்கள். பேரன் பேத்தி எடுத்த வயது. தங்கள் சபையை அந்த மண்ணில் தொடங்கிவைக்கும் பொறுப்போடு அனுப்பப்பட்டிருந்தார்கள். ஆனால் அங்கே சிறிய வழிபாட்டுக் கட்டடம் ஒன்று ஏற்கெனவே நின்றிருந்தது. அதன் முகப்பில் ‘நைஜீரியப் பிற்காலப் பரிசுத்தவான்கள்’ என்று ஆங்கிலத்தில் பெயர் எழுதியிருந்தது. அவர்கள் தொடங்க வந்த சபையை அந்த ஊர்க்காரர்கள் முன்பே தொடங்கி, பெயரும் வைத்து, பல ஆண்டுகளாகக் கூடித் தொழுதுகொண்டிருந்தார்கள்.

மிஷனரி வரலாற்றில் அபூர்வமான நிகழ்ச்சி இது. மிஷனரி வருவார், மொழி கற்பார், ஒருவர் இருவராக ஆள் சேர்ப்பார், பிறகு சபை பிறக்கும் என்பதே நாம் படித்துப் பழகிய வரிசை. இங்கே விசுவாசிகள் முந்திக்கொண்டார்கள். மிஷனரி பின்னால் வந்து சேர்ந்தார். அப்படியானால் அந்த நால்வருக்கு அங்கே என்ன வேலை? மூத்த தம்பதிகளை வெளிநாட்டுச் சபையினரிடையே ஊழியத்துக்கு அனுப்பும் வழக்கத்தை விளங்கிக்கொள்ள இந்தக் கேள்வியைவிட நல்ல நுழைவாயில் எனக்குத் தெரியவில்லை. அவர்கள் யாரையும் மனம் மாற்றவில்லை என்றே சொல்லலாம். மனம் மாறியிருந்தவர்களுக்கு ஒரு சட்டதிட்டத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அந்தச் சட்டதிட்டம் சிலரை உயர்த்தியது, வேறு சிலரின் இடத்தைப் பறித்தது.

மிஷனரி தம்பதி என்றதும் தமிழ் வாசகர் மனத்தில் எழும் உருவம் வேறு. ராபர்ட் கால்டுவெல் 1838-இல் சென்னைக்கு வந்தார். 1841-இல் இடையன்குடிக்குப் போனார். நாகர்கோவிலில் ஊழியம் செய்த சார்லஸ் மால்ட்டின் மகள் எலைசாவை 1844-இல் மணந்தார். எலைசா பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார், லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். வந்த மண்ணிலேயே வாழ்ந்து, அங்கேயே அடக்கமான தலைமுறை அது. இக்கட்டுரை பேசுகிற தம்பதிகளோ உள்ளூர் மொழி கற்பதில்லை. ஆறு மாதத்திலிருந்து இருபத்து மூன்று மாதத்துக்குள் பெட்டி கட்டி ஊர் திரும்பிவிடுவார்கள். அவர்களைக் கால்டுவெல்லோடு ஒப்பிட்டுக் குறைசொல்வது எளிது. ஆனால் அவர்கள் போவது வேறு வேலைக்கு.

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்துவின் சபையை வெளியுலகம் மார்மன் சபை என்று சொல்லும். ஜோசப் ஸ்மித் 1830-இல் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கியது. இன்று தலைமையிடம் யூட்டாவின் சால்ட் லேக் சிட்டி. வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பெயர்ப் பட்டையுமாக இருவர் இருவராகத் தெருவில் போகும் இளைஞர்களே அதன் மிஷனரிகள் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆண்களுக்கு இரண்டு ஆண்டு, பெண்களுக்கு ஒன்றரை ஆண்டு ஊழியம். இவர்களுக்கு இணையாக, வீட்டில் பிள்ளை வளர்க்கும் பொறுப்பு முடிந்த கணவன் மனைவியரையும் சபை அழைக்கிறது. கதவு கதவாகத் தட்டும் வேலையோ இளைஞர்களின் கெடுபிடியான அன்றாட அட்டவணையோ அவர்களுக்குக் கிடையாது. ஆலயப் பணி, வம்சாவளி ஆவணங்கள், மருத்துவம், நிவாரணம், மிஷன் அலுவலகக் கணக்கு, புதிய சபைகளின் தலைவர்களுக்குத் துணைநிற்பது என்று பணி பிரியும். செலவு அவரவர் கையிலிருந்து. 2011-இல்தான் வீட்டு வாடகைக்கு மாதம் 1,400 டாலர் என்று உச்சவரம்பு வைத்து, அதற்குமேல் ஆவதைச் சபை ஏற்றுக்கொண்டது.

இந்தக் கணக்குக்குப் பின்னால் ஒரு சமூகவியல் இருக்கிறது. ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, கடன் தீர்ந்த வீடு, டாலரின் மதிப்பு ஆகிய நான்கும் சேர்ந்த நடுத்தர வர்க்க அமெரிக்க முதுமைதான் இவ்வூழியத்தின் முதலீடு. அதே சபையின் கானா நாட்டு உறுப்பினருக்கு அறுபத்தைந்து வயதில் யூட்டாவில் ஓராண்டு தங்கி ஊழியம் செய்வது நினைத்துப் பார்க்க முடியாத செலவு. போகக்கூடியவர்களுக்கும் தயக்கம் உண்டு. சபையின் அப்போஸ்தலர்களில் ஒருவராக இருந்த ராபர்ட் டி. ஹேல்ஸ் 2001-ஆம் ஆண்டுப் பொது மாநாட்டில் இதைப் பற்றியே பேசினார். பயம், குடும்பத்தைப் பற்றிய கவலை, தமக்கேற்ற பணி கிடைக்குமா என்ற ஐயம், பணம் ஆகிய நான்கு தடைகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். பேரப்பிள்ளை பிறக்கும்போது பக்கத்தில் இருக்க முடியாதே என்ற ஏக்கம் இதில் சின்ன விஷயம் அல்ல. எந்த ஊர்ப் பாட்டியும் அதைப் புரிந்துகொள்வாள்.

இனி நைஜீரியக் கிராமத்துக்கு வருவோம். விசுவாசிகள் அத்தனை ஆண்டுகள் ஏன் காத்திருக்க நேர்ந்தது?

காரணம் நிறம். 1852-இல் சபையின் இரண்டாம் தலைவர் பிரிகாம் யங், ஆப்பிரிக்க வம்சாவளி ஆண்களுக்கு ஆசாரியத்துவம் கிடையாது என்று அறிவித்தார். ஆலயச் சடங்குகளும் அவ்வம்சாவளியினருக்கு, ஆண் பெண் இருபாலாருக்கும், அடைக்கப்பட்டன. மார்மன் சபையில் சம்பளத்துக்குப் போதகர் என்று யாரும் இல்லை. ஆசாரியத்துவம் பெற்ற உள்ளூர் ஆண்களே திருவிருந்து கொடுக்கவும் ஞானஸ்நானம் செய்யவும் கிளையை நடத்தவும் வேண்டும். அவர்களுக்கு அது மறுக்கப்பட்டால் ஓர் ஊரில் ஆயிரம் விசுவாசிகள் இருந்தாலும் சபை இருக்க முடியாது. பூட்டு ஒன்றுதான், அது எல்லாக் கதவையும் சாத்திவைத்தது.

எனினும் 1950களின் கடைசியிலிருந்தே நைஜீரியாவிலிருந்தும் கானாவிலிருந்தும் சால்ட் லேக் சிட்டிக்குக் கடிதங்கள் போய்க்கொண்டிருந்தன. துண்டுப் பிரசுரம் வாசித்தவர்கள், பழைய சஞ்சிகை கண்டவர்கள், தாமாகவே கூட்டம் சேர்த்துக்கொண்டவர்கள் எழுதினார்கள். தலைமையகத்திலிருந்து லாமார் வில்லியம்ஸ் என்பவர் 1961-இல் நைஜீரியாவுக்குப் போய்ப் பார்த்தார். ஆயிரக்கணக்கானோர் காத்திருப்பதாகத் திரும்பிச் சொன்னார். அங்கே ஊழியம் தொடங்கத் திட்டமும் போட்டார்கள். ஆனால் சபையின் நிறக்கொள்கையை 1963-இல் நைஜீரியச் செய்தித்தாள் ஒன்று அம்பலப்படுத்தியது. கலிபோர்னியாவில் படித்துக்கொண்டிருந்த நைஜீரிய மாணவர் ஒருவர் அதை எழுதியிருந்தார். புதிதாக விடுதலை பெற்றிருந்த நாடு விசா கொடுக்க மறுத்தது. கொடுத்திருந்தால்தான் வியப்பு.

அந்தக் கிராமத்தில் சபையைத் தொடங்கிய ஆன்டனி ஒபின்னா ஒரு பள்ளி ஆசிரியர். 1960களின் நடுவில் உயரமான ஒருவர் தன் கனவில் தோன்றி, மிக அழகான கட்டடம் ஒன்றுக்குத் தன்னை அழைத்துச் சென்றதாகப் பின்னாளில் எழுதினார். உள்நாட்டுப் போர் மூண்டது. தனிநாடாகப் பிரிய முயன்ற பயாஃப்ராவின் பஞ்சமும் சாவும் அந்த வட்டாரத்தைத் துடைத்துப் போட்டன. போர் ஓய்ந்தபிறகு 1958 செப்டம்பர் மாத ரீடர்ஸ் டைஜஸ்ட் இதழ் ஒன்று அவர் கையில் கிடைத்தது. அதில் சால்ட் லேக் ஆலயத்தின் படம். கனவில் பார்த்த கட்டடம் இதுதான் என்றார் ஒபின்னா. கனவை நம்புவதும் நம்பாததும் வாசகர் விருப்பம். அவர் நம்பினார் என்பதும், சகோதரர்களைச் சேர்த்துக்கொண்டு சபை கூட்டினார் என்பதும், தலைமையகத்துக்கு விடாமல் கடிதம் எழுதினார் என்பதும் வரலாறு.

கானாவின் கேப் கோஸ்ட் நகரில் ஜோசப் வில்லியம் பில்லி ஜான்சனின் கதையும் இதே வகை. 1964-இல் இச்சபையின் வேதநூலான மார்மன் புஸ்தகம் கைக்குக் கிடைத்ததும் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கித்தார்; பல சபைகளை நிறுவினார். 1978 ஜூன் மாதம், ஓர் இரவு தூக்கம் வராமல் பி.பி.சி. வானொலியைத் திருப்பியபோது அந்தச் செய்தியைக் கேட்டதாக அவர் சொல்வார். சபைத் தலைவர் ஸ்பென்சர் கிம்பல் ஜூன் 8 தேதியிட்ட அறிவிப்பின் மூலம் நிறத் தடையை நீக்கிவிட்டிருந்தார். ஜான்சன் அழுதுவிட்டாராம். பதினான்கு வருடக் காத்திருப்பு.

தடை நீங்கிய பிறகு ஆப்பிரிக்காவுக்கு யாரை அனுப்புவது? சபையிடம் ஆயிரக்கணக்கில் இளைஞர்கள் இருந்தார்கள். அவர்களை அனுப்பவில்லை. ஆகஸ்டில் மெரில் பேட்மன், எட்வின் கேனன் ஆகிய இருவரைப் பார்த்துவர அனுப்பினார்கள். நவம்பரில் கேனனையும் அவர் மனைவி ஜேனத்தையும், ரெண்டெல் மேபியையும் அவர் மனைவி ரேச்சலையும் ஊழியர்களாக அனுப்பினார்கள். எந்த மிஷனுக்கும் உட்படாத நாடுகளைக் கவனிக்க 1972-இல் ஏற்பட்ட ‘சர்வதேச மிஷன்’ என்ற அமைப்பின் கீழ் அவர்கள் பணி. கேனன், மேபி இருவருமே முன்பு சுவிட்சர்லாந்தில் மிஷன் தலைவர்களாக இருந்தவர்கள். மேபி யூட்டா சட்டமன்ற அரசியலில் பழுத்தவர். எழுபது வயதை ஒட்டியவர். ஜேனத் கேனனோ, சபையின் உலகளாவிய பெண்கள் அமைப்பான ஒத்தாசைச் சங்கத்தின் தலைமைக் குழுவில் முதல் ஆலோசகராக இருந்தவர். இந்தப் பயணத்துக்காகவே அப்பதவியிலிருந்து விடுவிக்கப்பட்டவர்.

இந்தத் தேர்வு தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. நூறாண்டுக்கு மேல் மறுக்கப்பட்ட மக்களின் முன்னால் போய் நிற்க வேண்டும். அரசு அலுவலகங்களில் உட்கார்ந்து பேச வேண்டும். தாமாகவே பத்து வருடம் சபை நடத்திய பெரியவர்களைப் பார்த்து, நீங்கள் மறுபடி முதலிலிருந்து ஞானஸ்நானம் பெற வேண்டும் என்று சொல்ல வேண்டும். பத்தொன்பது வயதுப் பையன் சொன்னால் யார் கேட்பார்கள்? மேற்கு ஆப்பிரிக்கச் சமூகங்களில் நரைத்த தலைக்கு இருக்கும் மதிப்பு நம் ஊரில் இருப்பதற்குக் குறைந்ததல்ல. கணவனும் மனைவியுமாகப் போவதில் இன்னொரு பயனும் உண்டு. பெண்கள் கூடியிருக்கும் இடத்துக்குள் மனைவி தடையில்லாமல் போகலாம். அங்கேதான் ஒரு கிராமச் சபையின் பாதி உயிர் இருக்கிறது.

நவம்பர் 21 அன்று எக்கெயோனுமிரி என்ற நீரோடையில் ஒபின்னாவும் இன்னும் பதினெட்டுப் பேரும் ஞானஸ்நானம் பெற்றார்கள். அன்றைக்கே கிளை அமைந்தது. ஒபின்னா கிளைத் தலைவர். அவருடைய சகோதரர்கள் ஆலோசகர்கள். மனைவி ஃபிடேலியா ஒத்தாசைச் சங்கத் தலைவி. இந்த ஒரு நாள் நிகழ்ச்சியில் மூத்த தம்பதி ஊழியத்தின் இயல்பு முழுதும் அடங்கியிருப்பதாக நினைக்கிறேன். முதல் நாளே பொறுப்பை உள்ளூர்க்காரர் கையில் கொடுத்தார்கள். நல்லெண்ணம் மட்டும் இதற்குக் காரணம் அல்ல. வேறு வழியும் இல்லை. நால்வர், இரண்டு நாடுகள், நூற்றுக்கணக்கான மைல் மோசமான சாலை. தங்கி நடத்த முடியாது என்பதால் நடத்தக் கற்றுக்கொடுத்தார்கள். ஐரோப்பிய மிஷன்கள் இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் உள்ளூர்ப் போதகரை முழு அதிகாரத்தோடு அமர்த்த எத்தனை தலைமுறை எடுத்துக்கொண்டன என்று யோசித்தால் இந்த வேகத்தின் மதிப்பு தெரியும்.

டிசம்பரில் கானா போனார்கள். கேப் கோஸ்ட் கடற்கரையில் ஜான்சனின் ஆட்கள் அலையில் இறங்கினார்கள். கேப் கோஸ்ட், ஒரு காலத்தில் அடிமைக் கப்பல்கள் புறப்பட்ட துறைமுகம். அந்தக் கோட்டை இன்றும் கடலைப் பார்த்தபடி நிற்கிறது. அதே கரையில், நிறத்தின் பெயரால் தள்ளிவைத்த ஒரு சபை, தள்ளிவைக்கப்பட்டவர்களை வரவேற்று நின்றது. வருத்தம் தெரிவித்ததா என்றால், இல்லை. சபை தன் பழைய நிறக்கொள்கைக்குச் சொல்லப்பட்ட விளக்கங்களை எழுத்தில் கைவிட்டது 2013-இல்தான்.

அடுத்த பல மாதங்களின் வேலை பெரும்பாலும் தாளும் பேனாவும். யாருக்கு ஞானஸ்நானம், எந்தத் தேதி, யார் கொடுத்தது என்று பதிய வேண்டும். தசமபாகம் வாங்குவது, ரசீது போடுவது, கணக்கு அனுப்புவது, திருவிருந்து ஜெபத்தை வார்த்தை பிசகாமல் சொல்வது, ஞாயிறு பாடம் நடத்துவது, யார் எந்தப் பொறுப்புக்கு என்று நேர்காணல் செய்வது, இத்தனையும் கற்றுக்கொடுக்க வேண்டும். ஆங்கிலம் ஓரளவு செல்லும். கிராமத்துக்குள் இக்போவும் எஃபிக்கும் ஃபான்டேயும் வேண்டும், அதற்கு மொழிபெயர்ப்பவர் வேண்டும். சாகசம் தேடுபவருக்கு இதில் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு கூட்டம் நிறுவனமாவது இந்த ரசீதுப் புத்தகத்தில்தான். ஓராண்டு முடிந்து 1979 கடைசியில் நால்வரும் திரும்பியபோது இரு நாடுகளிலும் 35 கிளைகளும் 1,700-க்கு மேற்பட்ட உறுப்பினர்களும் இருந்தார்கள். 1980 ஜூலையில் மேற்கு ஆப்பிரிக்க மிஷன் முறையாகத் தொடங்கியது. அதன் தலைவராக வந்தவர் பிரையன் எஸ்பென்ஷீட்.

நிறுவனமாகும்போது என்ன போயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். ஜான்சனின் கூட்டங்களில் மேளம் இருந்தது, கைத்தட்டல் இருந்தது, ஆட்டம் இருந்தது, காணிக்கைத் தட்டும் சுற்றி வந்தது. யூட்டாவின் வழிபாட்டில் இவை எதற்கும் இடம் இல்லை. மேளம் ஓய்ந்தது. சால்ட் லேக்கின் கீர்த்தனைப் புத்தகம் வந்தது. தமிழ்க் கிறிஸ்தவருக்கு இந்தச் சண்டை புதிதல்ல. 1820களில் தஞ்சைக்குப் புதிதாக வந்த மிஷனரிகள் தமிழிசைப் பாட்டில் கை வைத்தபோது கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் எதிர்த்து எழுதினார். சாதிவாரி இருக்கை முறையைக் காக்கவும் அவர் வாதாடினார் என்பது நமக்கு உவப்பானதல்ல. பாட்டைப் பற்றி அவர் சொன்னது சரி. கேப் கோஸ்டில் அப்படி ஒருவர் எழுதிவைக்கவில்லை. மேளத்துக்காகத் திரும்பிப் போனவர்கள் சத்தமில்லாமல் போனார்கள்.

ரெபேக்கா மோல்டின் கதை இன்னும் கூர்மையானது. கானாவின் செகோண்டி-தக்கோராடி பகுதியில் தனக்கென ஒரு சபை வைத்திருந்த பெண் அவர். மக்கள் அவரைத் தீர்க்கதரிசினி என்று அழைத்தார்கள். மார்மன் புஸ்தகத்தை ஏற்று, ஜான்சனின் இயக்கத்தோடு உறவு வைத்திருந்தவர். 1978-79-இல் தன் கூட்டத்தாரோடு ஞானஸ்நானம் பெற்றார். பெற்ற கணத்திலிருந்து அவர் தலைமை தாங்க முடியாதவர் ஆனார். ஏனென்றால் பெண்ணுக்கு ஆசாரியத்துவம் இல்லை. அவர் கட்டி வளர்த்த சபையில் நேற்றுவரை அவர் பேச்சைக் கேட்டுவந்த ஆண்கள் மேடையில் உட்கார்ந்தார்கள். அவருக்குப் பெண்கள் சங்கம் கொடுக்கப்பட்டது. சில ஆண்டுக்குள் உறவு முறிந்தது. அவர் வெளியேறினார், அவரோடு ஒரு பகுதியினரும் போனார்கள்.

நிறத் தடையை நீக்கிய அதே ஆசாரியத்துவ விதி பாலின வாசலை அடைத்தது. சபை எந்தப் பெண்ணுக்கும் தரும் மிக உயர்ந்த பதவிகளில் ஒன்றிலிருந்து நேராக வந்தவர் ஜேனத் கேனன். அந்த உயரத்துக்கு மேல் கூரை எங்கே இருக்கிறது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். பிற்காலத்தில் ஒத்தாசைச் சங்கத்தின் விரிவான வரலாற்றை இன்னும் இருவரோடு சேர்ந்து எழுதியவரும் அவர்தான். அந்நூல் 1992-இல் வெளிவந்தது. மேபி, கேனன் தம்பதிகள் கொடியவர்கள் அல்லர். விதியை உண்மையாகக் கடைப்பிடித்தார்கள். அதில்தான் சிக்கலே இருக்கிறது: அனுப்பப்பட்ட ஊழியர் எதையும் மாற்ற அதிகாரம் இல்லாதவர். உள்ளூர் நிலைமையைக் கண்ணால் பார்த்தும் கை கட்டப்பட்டவர். குறுகிய காலத்துக்குப் போகிறவருக்கு இது இன்னும் அதிகம். தான் செய்ததன் பலனைக் கண்கொண்டு பார்க்க அவர் இருக்கமாட்டார்.

இதே 1978 டிசம்பரில் இந்தியாவிலும் ஒரு தம்பதி ஊழியம் நடந்தது என்பது அதிகம் பேசப்படாத செய்தி. ஹைதராபாத்தைச் சேர்ந்த எட்வின் தர்மராஜு பூச்சியியல் அறிஞர். சமோவாத் தீவில் வேலை பார்த்தபோது அவரும் மனைவி எல்சியும் இச்சபையில் சேர்ந்தார்கள். தங்கள் சொந்தக்காரர்களிடம் போய்ச் சொல்வதற்குச் சபை அவர்களை மூன்று மாத ஊழியத்துக்கு அழைத்தது. ஹைதராபாத்தில் குடும்பத்தார் 22 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். எல்சியின் தந்தை பி. ஸ்ரீநிவாசம் பாப்டிஸ்ட் போதகர். மார்மன் புஸ்தகத்தைத் தெலுங்கில் பெயர்த்தவர் அவரே. யூட்டாத் தம்பதிகளுக்கு இல்லாத இரண்டு தர்மராஜு தம்பதிக்கு இருந்தன: மொழியும் உறவும். ஆனால் இந்தியாவில் வெளிநாட்டு மத ஊழியருக்கு விசா எளிதல்ல; பின்தொடர ஆளில்லை. நைஜீரியாவில் அபா நகரில் 1988 மே 15-இலேயே பல கிளைகளை இணைக்கும் பிணையம் அமைந்தது, தலைவர் டேவிட் ஏகா என்ற நைஜீரியர். இந்தியாவின் முதல் பிணையத்துக்கு ஹைதராபாத் 2012 வரை காத்திருந்தது.

கோயம்புத்தூர் இதற்கெல்லாம் முந்தியது. எஸ். பால் திருத்துவதாஸ் என்பவர் தற்செயலாகக் கிடைத்த துண்டுப் பிரசுரத்தைப் படித்துவிட்டு 1950களிலேயே சால்ட் லேக் சிட்டிக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். 1965-இல் ஞானஸ்நானம் பெற்றார். ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் நடத்தினார். ஒபின்னாவைப் போலவும் ஜான்சனைப் போலவும் அவரும் தாமாகத் தேடிப்போனவர். நிறத் தடை அவரைத் தொடவில்லை. ஆயினும் ஒரு கேனனோ மேபியோ உடனே வந்து அவரிடம் ரசீதுப் புத்தகத்தைக் கொடுத்து உட்காரவில்லை. ஆர்வமுள்ள உள்ளூர்த் தலைவர் மட்டும் இருந்தால் போதாது, அமைப்பு வந்து சேரவும் வேண்டும் என்பதற்குக் கோயம்புத்தூரின் மந்தமான வளர்ச்சி சான்று.

மேற்கு ஆப்பிரிக்க வேலையின் தரத்தைக் காட்டியது வேறொரு நிகழ்ச்சி. 1989 ஜூன் 14 அன்று கானாவில் ஜெர்ரி ராலிங்ஸின் அரசு இச்சபையையும் யெகோவா சாட்சிகளையும் தடை செய்தது. அமெரிக்க உளவுத்துறையின் ஆட்கள் என்ற சந்தேகம், பழைய நிறக்கொள்கை பற்றிய பேச்சு, இரண்டும் சேர்ந்துகொண்டன. வழிபாட்டுக் கட்டடங்களுக்குப் பூட்டு விழுந்தது. வெளிநாட்டு ஊழியர்கள் நாட்டை விட்டுப் போனார்கள். உள்ளூர் உறுப்பினர்கள் சிலர் சிறைக்கும் போனார்கள். பதினேழு மாதங்களுக்கு மேல் எந்த வெளிநாட்டுத் தம்பதியும் கானாவில் இல்லை. இம்மானுவேல் கிஸ்ஸி என்ற மருத்துவர் பொறுப்பேற்றார். வீடு வீடாக ஞாயிறு வழிபாடு நடந்தது; தகப்பனும் பிள்ளைகளுமாகத் திருவிருந்து எடுத்தார்கள். 1990 நவம்பர் கடைசியில் தடை நீங்கியது. ஐந்து மாதம் கழியுமுன், 1991 ஏப்ரலில், அக்ராவிலும் கேப் கோஸ்டிலும் இரண்டு பிணையங்கள் அமைந்தன.

வெளிநாட்டார் போனதும் குலைந்துபோன மிஷன்கள் எத்தனையோ. இது குலையவில்லை. அந்தப் பெருமையில் பெரும்பங்கு ஜான்சனுக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் உரியது; சபையே இல்லாத காலத்தில் சபை நடத்தியவர்களுக்குப் பூட்டிய கதவு ஒரு பொருட்டா? மூத்த தம்பதிகளுக்கு உரிய பங்கு, முதல் நாளிலிருந்தே சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போனது. 2004 ஜனவரியில் அக்ராவிலும் 2005 ஆகஸ்டில் அபாவிலும் ஆலயங்கள் எழுந்தன.

இந்த வரலாற்றை நாம் அறிவதே பெரும்பாலும் ஒரு பக்கத்துக் குரலில். மேபி தன் அனுபவத்தை கார்டன் ஆல்ரெடுடன் சேர்ந்து 1984-இல் நூலாக்கினார். கேனன் தம்பதியின் குறிப்புகளும் இருக்கின்றன. போனவர் எழுதுகிறார், பெற்றவர் அரிதாகவே எழுதுகிறார். மிஷனரி ஆவணங்கள் எல்லாவற்றுக்கும் உள்ள கோளாறு இது. 1988-இல் ஈ. டேல் லெபாரன் என்ற பேராசிரியர் ஆப்பிரிக்க நாடுகளில் சுற்றி, தொடக்ககால உறுப்பினர்களை உட்காரவைத்துப் பேட்டி எடுத்ததால்தான் எதிர்ப்பக்கத்தின் கதையும் நமக்குக் கிடைக்கிறது. ரெபேக்கா மோல்டின் நிலையைப் பிற்கால ஆய்வாளர்கள் எழுத முடிந்ததும் இப்படிச் சேர்ந்த வாய்மொழிச் சான்றுகளால்தான்.

தமிழ்நாட்டின் சிறு சபைகளுக்கும், மார்மன் என்றில்லாமல் பெந்தெகொஸ்தே, தனிச்சபை எதுவானாலும், இதே முறை பொருந்தும். வந்துபோன வெளிநாட்டுத் தம்பதிகள் ஊருக்குப் போய் நாட்குறிப்பும் நினைவு நூலும் எழுதிவிடுகிறார்கள். அவர்களை வாசலில் வரவேற்றவர்கள், சமைத்துப் போட்டவர்கள், மொழிபெயர்த்தவர்கள், அவர்கள் வந்ததால் பொறுப்பை இழந்தவர்கள், இவர்களில் பலர் இன்று எண்பதைத் தாண்டியவர்கள். நம் திருச்சபை வரலாற்றாசிரியர்கள் இவர்களைத் தேடிப் போய், அவர்கள் சொல்வதை ஒலிப்பதிவு செய்ய வேண்டும். அதைத் தள்ளிப்போட நேரம் இல்லை.